தரைத்தளத்தில் கூட்டம்

கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். இத்தனை வருடமாகப் பல்கலைக்கழகத்தில் நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் பிழிந்து எடுத்தால் மிஞ்சுவது இவ்வளவுதான்.

பாடத்தின் பெயர் சமூக மேம்பாடு. மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு குடியிருப்புக்குப் போவோம். மக்களை உட்கார வைத்து, உங்களுக்கு என்ன தேவை என்று கேட்போம். யாரும் பேச மாட்டார்கள். அந்த இடத்தில்தான் என் பிள்ளைகள் கோட்டை விடுவார்கள். பதறிப்போய்த் தாங்களே பதிலை எடுத்துக் கொடுப்பார்கள். "குடிதண்ணிதானே உங்க பிரச்சனை?" என்பார்கள். கூட்டமும் எதற்கு வம்பு என்று தலையை ஆட்டிவிடும். அத்தோடு அந்தத் தெருவின் தேவை குடிதண்ணீர் ஆகிவிடும்; சாக்கடைக்குள் விழுந்து எழுந்து வந்தவர்கூடத் தண்ணீர் என்றுதான் சொல்வார். அதனால் வகுப்பிலேயே பயிற்சி வைப்பேன். ஒருவர் முன்னால் வந்து கேள்வி கேட்க வேண்டும், மற்றவர்கள் பேசாமல் இருப்பார்கள், கேட்டவர் அதைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும். சிலர் சிரித்துவிடுவார்கள். ஒரு வருடம் ஒரு பெண் அழுதேவிட்டாள்.

எல்லாக் கேள்விக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தக் கூட்டத்துக்கு யார் வரவில்லை? வந்தவர்களின் குரல் எப்படியும் கேட்டுவிடும், வராதவர்களைத்தான் தேட வேண்டும் என்பேன். இதைப் பலகையில் பெரிதாக எழுதி அடிக்கோடு போடுவேன். பிள்ளைகள் அதைப் போனில் படம் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் அந்தப் படத்தை யாரும் பார்ப்பதில்லை.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு சொல்லுவாங்க. நீ வருஷா வருஷம் ஒரு வகுப்பு ஊமைங்களத் தயார் பண்ணி ஊருக்குள்ள அனுப்பற" என்பார் இவர்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். ஓடுகிற ரயிலில் எதையும் பிடிக்காமல் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தே காலத்தைத் தள்ளிய மனிதர், ஓய்வு பெற்றுச் சும்மா இருந்தபோது வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் செத்துக் கிடந்தது. எங்கள் வீடு நாலாவது மாடி. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொரு மாடி வளைவிலும் நாற்காலி சாய்ந்தது, ஒவ்வொரு வீட்டுக் கதவும் திறந்தது, குழந்தைகள் வேடிக்கை பார்த்தன. சட்டை மேலே ஏறி வயிறு தெரிந்தது; நாற்காலியைப் பிடித்திருந்ததால் அதை இழுத்துவிட ஒரு கை இல்லை அவருக்கு. வீட்டுக்குள் வந்ததும் சொன்னார்: "இனி என்னை நாலு பேர் தூக்கறதுன்னா அது ஒரே ஒரு தடவைதான். அப்ப எனக்குக் கூச்சம் இருக்காது."

அதிலிருந்து கீழே இறங்கவில்லை. தினமும் சமதரையில் நன்றாக நடக்க வேண்டும், இல்லையென்றால் கால் இப்படியே இறுகிப்போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் கூடத்தில் வாக்கரைத் திருப்புவதற்கே இடம் போதாது. சோபாவிலிருந்து சமையலறைக் கதவுவரை போய்த் திரும்புவார். "எக்ஸ்பிரஸ்னு ஏத்திவிட்டு ஷண்டிங் அடிக்க விட்டுட்டாங்க" என்பார். முதலில் இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகு சிரிக்காமல் சொன்னார். பிறகு நடப்பதையே குறைத்துக்கொண்டார்.

மோட்டாரை மாற்றினால் லிஃப்ட் ஓடும். ஆனால் குடியிருப்போர் சங்கத்தின் கையிருப்பில் ஒரு வேலைதான் செய்ய முடியும்: ஒன்று லிஃப்ட், இல்லாவிட்டால் முன்கேட். கீழே நிறுத்தியிருந்த பைக்குகள் திருட்டுப் போயிருந்தன. கீழ்வீட்டுக்காரர்கள் சன்னலைத் திறந்துவைத்துத் தூங்கவே பயந்தார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சங்கம் கூடிக் கூடிக் கலைந்தது, ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதைதான். நானே போகவில்லை. கூட்டம் சாயங்காலத்தில் வைப்பார்கள். அந்த நேரத்துக்கு நான் விடைத்தாள் பையும் காய்கறிப் பையுமாக நாலு மாடி ஏறி வந்து, சோபாவில் விழுந்து, காலைத் தூக்கி முக்காலியில் போட்டிருப்பேன். ஏறி வந்தவள் மறுபடி இறங்கி மறுபடி ஏறுவதா? சங்கமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று இருந்துவிடுவேன்.

அலுப்பு என்றால் சாதாரண அலுப்பு இல்லை. மற்ற விருப்பப் பாடங்களில் இடம் கிடைக்காதவர்கள்தான் மழைக்கு ஒதுங்குவது போல என் வகுப்பில் வந்து ஒதுங்குகிறார்கள். மதியம் கடைசி மணி. வெயில் நேராகப் பலகையில் அடிக்கும், எழுதியது யாருக்கும் தெரியாது. திரைச்சீலை கேட்டு எழுதிக் கொடுத்து வருடங்கள் ஆகின்றன. மக்களின் தேவையை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பது எப்படி என்று பாடம் நடத்துகிறவளுக்கு ஒரு திரைச்சீலை வாங்கத் துப்பில்லை.

இந்த வருடம் துறைத் தலைவர் கூப்பிட்டார். ஒரு காலத்தில் என் வகுப்பில் கடைசி வரிசையில் தூங்கியவர், இப்போது எனக்கு டீ வரவழைத்துக் கொடுத்து அறிவுரை சொல்கிறவர்.

"மேடம், நீங்க வழக்கமா போற ஏரியாவுல இனிமே வர வேண்டாம்னுட்டாங்க."

"ஏனாம்?"

"என்ன தேவைன்னு கேட்டுட்டுப் போறாங்க, அடுத்த வருஷம் வேற பசங்க வந்து அதையே கேக்கறாங்க, எங்களுக்கு வேற வேலை இல்லையான்னு கேக்கறாங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதற்குள் கல்லெடுத்து அடித்திருப்பேன்.

"பஸ்ஸுக்கும் இந்தத் தடவை அனுமதி கிடைக்கல. நடந்து போற தூரத்துல ஏதாவது பாத்துக்கங்க மேடம்."

நடந்து போகிற தூரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே சமூகம் எங்கள் கட்டடம்தான். யோசனை தோன்றியபோதே இதில் சுயநலம் இருக்கிறது என்று தெரிந்தது. தெரிந்தே அதைப் பிடித்துக்கொண்டேன். என்னால் முடியாததை என் பிள்ளைகள் செய்து முடிக்கட்டும் என்று நினைத்தேன்.

சங்கச் செயலாளர் தரைத்தளத்தில் இருப்பவர். மருந்துக் கம்பெனி விற்பனையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் சிரித்துக்கொண்டே சொல்வார், கனத்த உடம்பு. கேட்டதும் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"பசங்க வந்து நடத்தட்டும் மேடம், நல்லதுதான். ஆனா உங்க பசங்க, உங்க பாடம், கடைசில உங்க லிஃப்ட்டுன்னு ஆயிடக் கூடாது பாருங்க. கூட்டத்துல நீங்க வாயத் திறக்கக் கூடாது."

"எங்க முறையே அதுதான் சார்" என்றேன். கொஞ்சம் கர்வமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

இடம், நேரமெல்லாம் பிள்ளைகளுக்கு நான்தான் முடிவு செய்து கொடுத்தேன். யார் வீட்டுக்குள்ளும் வைக்கக் கூடாது, பொது இடமாக இருக்க வேண்டும், வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வந்த பிறகு வைக்க வேண்டும். எல்லாம் பாடத்தில் உள்ளபடி. தரைத்தளத்தில் வண்டிகள் நிறுத்தும் இடம், சாயங்காலம். பிள்ளைகள் கட்டடத்தின் வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள்.

இவரிடம் சொன்னேன். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றவர் கேட்டார்: "நான் என்ன பண்ணணும்?"

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். நான் பாத்துக்கறேன்."

"ஓட்டு மாதிரி ஏதாவது போடணுமா?"

"எல்லாம் நான் பாத்துக்கறேங்க. நீங்க உக்காருங்க" என்றேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அவர் முகத்தில் ஆசை இருந்தது. வீட்டுக்குள் அதைப் பார்த்து நெடுநாள் ஆகியிருந்ததால் எனக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

கூட்டத்தை நடத்த வந்தவள் எங்கள் வகுப்பில் ஸ்டிக்கர் என்று பெயர் வாங்கிய பெண். கலர் கலராக ஒட்டுத்தாள் வைத்திருப்பாள். புத்தகம், சுவர், மற்றவர்கள் முதுகு, எதையும் விட மாட்டாள். வேறு பாடத்தில் இடம் கிடைக்காமல் வந்தவள்தான், ஆனால் வந்த இடத்தில் வேலை செய்கிறவள். வண்டிகளை ஓரமாகத் தள்ளி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, நடுவே தரையில் சாக்கட்டியால் பெரிய கட்டங்கள் வரைந்தாள். ஒன்றில் லிஃப்ட் படம், ஒன்றில் கேட் படம், மற்றவற்றில் தண்ணீர்த் தொட்டி, விளக்கு என்று ஏதேதோ. வீட்டுக்கு ஒரு பிடி சட்டைப் பொத்தான் கொடுத்தார்கள். எது தேவையோ அதில் அதிகப் பொத்தான் வைக்க வேண்டும்.

நான் ஓரத்தில், யாரோ ஒருவருடைய ஸ்கூட்டர்மேல் சாய்ந்து நின்றேன். கையில் எனக்கும் ஒரு பிடி பொத்தான் இருந்தது.

ஸ்டிக்கர் வணக்கம் சொன்னாள். நான் எழுதி அடிக்கோடு போட்டதை ஒருத்தியாவது மறக்கவில்லை. முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டாள்.

"ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இந்தக் கூட்டத்துக்கு யாரு வரல?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

யாரும் பேசவில்லை. ஒருவர் இருமினார். வாசலில் ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போனது. நான் வழக்கம் போல வட்டத்தில் இருந்த முகங்களைப் பார்த்தேன். தரைத்தளம், தரைத்தளம், முதல் மாடி, முதல் மாடி, தரைத்தளம். இரண்டாம் மாடியிலிருந்து ஒரே ஒரு பையன், அவனும் பந்து பொறுக்க இறங்கி வந்தவன். அதற்கு மேலே இருந்து ஒருவரும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. லிஃப்ட் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் கூட்டத்தை, லிஃப்ட் இல்லாமல் இறங்க முடியாதவர்களுக்குத் தரைத்தளத்தில் வைத்திருக்கிறேன். அதுவும் அவர்கள் ஏறி முடித்துக் காலை நீட்டுகிற நேரத்தில். தினமும் அதே படியில் மூச்சு வாங்குகிறவள் நான். என் முழங்காலுக்குத் தெரிந்தது என் மூளைக்குப் போய்ச் சேரவில்லை.

வாயைத் திறந்தேன். செயலாளர் என்னைப் பார்த்தார். சிரித்தபடி, குழந்தைக்குச் செய்வது போல, உதட்டில் விரலை வைத்தார். வாக்கு கொடுத்திருந்தேன், மூடிக்கொண்டேன். ஆனால் வாக்கு மட்டும் காரணம் இல்லை. ஸ்டிக்கர் அவ்வளவு அழகாக அந்த மௌனத்தைத் தாங்கிக்கொண்டு நின்றாள். நெளியவில்லை, சிரிக்கவில்லை, பதிலை எடுத்துக் கொடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் என் மாணவர்கள் யாரும் அப்படி நின்றதில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. இவர் மேலே உட்கார்ந்திருக்க, நான் கீழே நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியில் செயலாளரே சொன்னார். "வர வேண்டியவங்க எல்லாம் வந்தாச்சும்மா. அக்கறை இருக்கறவங்க வந்திருக்காங்க. நீ ஆரம்பி."

ஸ்டிக்கர் என் பக்கம் திரும்பினாள். சரி என்று தலையை அசைத்தேன்.

பொத்தான் விழுந்தது. கேட் கட்டத்தில் குவிந்தது, லிஃப்ட்டில் நான் வைத்த ஒரு பிடியும் முதல் மாடிக்காரம்மா இரக்கப்பட்டுப் போட்ட சிலதும் கிடந்தன. யாரும் சண்டை போடவில்லை. எல்லாம் முறைப்படி, சிரித்த முகமாக, பாடப்புத்தகத்தில் போடலாம் போல நடந்தது. பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டார்கள். செயலாளர் எழுந்து கைதட்டினார், மற்றவர்களும் தட்டினார்கள்.

கைதட்டல் ஓய்ந்தபோது படிக்கட்டுப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. தொப்பென்று ஒன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி தொப். எல்லோரும் திரும்பினார்கள்.

முதல் மாடி வளைவில் இவர் தெரிந்தார். படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, நல்ல காலை முன்னால் நீட்டி, உடம்பைத் தூக்கி அடுத்த படியில் வைத்தார். தொப். நாலாவது மாடியிலிருந்து அப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து வந்திருக்கிறார். கால்சட்டை முழுக்கப் படிக்கட்டுத் தூசி, முகம் வியர்த்து வழிந்தது. ஆனால் சட்டையை ஒழுங்காக உள்ளே சொருகியிருந்தார். தலை வாரியிருந்தார்.

நான் ஓடினேன். நாலைந்து பேர் ஓடி வந்தார்கள். "தொடாதீங்க" என்றார். கடைசிப் படிவரை அவரே வந்தார்.

"டிக்கெட் இல்லாத பயணி ஒருத்தன் வந்திருக்கேன்" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "உக்கார இடம் கிடைக்குமா?"

செயலாளர் உண்மையாகவே பதறிப்போனார். "என்ன சார் இது! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாலு பேர் வந்து தூக்கிட்டு வந்திருப்போமே!"

"அதுக்குத்தான் சார் சொல்லல."

"ஐயோ, இப்பத்தானே சார் முடிஞ்சது. கேட்டுன்னு முடிவாயிடுச்சு."

"அப்படியா. சரி. முடிவுன்னா முடிவுதான்." இவர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் சாதாரணமாகக் கேட்டார்: "இப்ப நான் எப்படி மேல போறது?"

யாரும் பேசவில்லை. இது யாரும் பயிற்சி கொடுத்து வந்த மௌனம் இல்லை. செயலாளர்கூடச் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் என்மேல்தான். ஸ்டிக்கரைக் கூப்பிட்டேன்.

"அந்த முதல் கேள்விய இன்னொரு தடவை கேளும்மா."

அவள் விழித்தாள். பிறகு கேட்டாள்: "இந்தக் கூட்டத்துக்கு யாரு வரல?"

"நாலாவது மாடில எங்க எதிர்வீட்டுப் பொண்ணு வரல. இரட்டைக் குழந்தை, ரெண்டையும் இடுப்புல வெச்சுக்கிட்டு இறங்க முடியாது. மூணாவது மாடி டெய்லர் வரல, மூச்சிரைப்பு, காலையில ஒரு தடவை இறங்கிச் சாயங்காலம் ஒரு தடவை ஏறினா அவருக்கு அன்னிக்கு அவ்வளவுதான். அவருக்குப் பக்கத்து வீட்டு அம்மா வரல, அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. மேல ஒருத்தரும் வரல. வர முடியாத இடத்துல கூட்டம் போட்டது நான்."

"மேடம்" என்றார் செயலாளர், "வாயத் திறக்க மாட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன் சார். தப்பாச் சொல்லிட்டேன்."

அவர் பதில் சொல்வதற்குள் ஸ்டிக்கர் குனிந்து பொத்தான்களை அள்ள ஆரம்பித்தாள். "அப்ப கூட்டத்தை மேல வெக்கலாம் மேடம். அவங்க வீட்டு வாசல்லயே." மற்ற பிள்ளைகள் நாற்காலிகளை மடக்கித் தோளில் போட்டுக்கொண்டார்கள்.

"இப்பவேவா? நாலு மாடியா?" என்றார் செயலாளர்.

"வாங்க சார், நாங்களும்தானே ஏறறோம்" என்றார் முதல் மாடிக்காரம்மா. இரண்டாம் மாடிப் பையன் பந்தை எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடினான். முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் படிக்கட்டில் ஏறியது. ஆனால் ஏறியது.

"நீங்க?" என்றேன் இவரிடம்.

"நான் இங்கயே இருக்கேன். கீழ்வீட்டுக்காரங்க சார்பா யாராவது கீழ இருக்கணுமில்ல."

நானும் கடைசிப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உள்ளங்கை இரண்டும் தேய்ந்து சிவந்திருந்தன. எடுத்துப் பார்த்தேன், இழுத்துக்கொள்ளவில்லை. மேலேயிருந்து செயலாளரின் குரல் கேட்டது: "கொஞ்சம் நில்லுங்கப்பா! மூச்சு வாங்குது!" இரண்டாவது மாடிகூட ஆகியிருக்காது.

"எப்ப கிளம்பினீங்க?"

"நீ இறங்கின கொஞ்ச நேரத்துல. நீ பாத்துக்கறேன்னுதான் சொன்ன. இருந்தாலும் வரணும் போல இருந்தது." கைக்குட்டையை மடித்தார். "ரெண்டாவது மாடி வளைவுல மூச்சு விட உக்காந்தேன். அப்ப அந்தப் பொண்ணு கேட்டா, யாரு வரலைன்னு. நல்ல கேள்வி. சரி, இப்ப நீ சொல்லுவேன்னு நானும் அசையாம உக்காந்திருந்தேன்."

"கீழ பேசறது அவ்வளவு தூரம் கேட்டுதா?"

"எல்லாம் கேட்டுது. நீ பேசாததும் கேட்டுது."

கோபமாகச் சொல்லவில்லை. ரயில் தாமதம் என்று பயணிகளிடம் சொல்கிற குரலில் சொன்னார். அதுதான் தாங்க முடியவில்லை. நான் அழுதேன். அவர் மடித்த கைக்குட்டையை மறுபடி பிரித்து என்னிடம் கொடுத்தார். தூசியும் வியர்வையுமாக இருந்தது. அதிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

நாலாவது மாடிக் கைப்பிடியிலிருந்து ஸ்டிக்கர் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள். "மேடம்! இங்க ஆரம்பிச்சாச்சு! யாரு வரலைன்னு கேட்டோம். நீங்களும் சாரும்தான் வரல!"

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். அவளோடு சேர்ந்து மேலே எல்லோரும் காத்திருப்பது தெரிந்தது.

நான் எழுந்து நின்றேன். வகுப்பில் இத்தனை வருடத்தில் ஒருநாள்கூட அப்படிக் கத்தியதில்லை. "என் வீட்டுக்காரரால மேல வர முடியல! லிஃப்ட் இல்ல! அதை முதல்ல எழுதுங்க!"

குரல் ஒவ்வொரு மாடியாக மோதிக்கொண்டு மேலே போனது. எங்கேயோ ஒரு குழந்தை விழித்துக்கொண்டு அழுதது, கூடவே இன்னொன்றும்.

இவர் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"இது நல்லாக் கேட்டுது" என்றார்.